கூமாவின் பழங்கதை

எய்ச்சிரோ ஓடாவின் 'ஒன் பீஸ்' 1997 முதல் ஜப்பானிய வார இதழில் வரும் மங்கா. அதில் பார்த்தலோமியு கூமா 2002இல் நுழைந்தார்: கையில் பைபிள், பட்டப்பெயர் 'கொடுங்கோலன்'. 2023இல், கதை முடிவை நெருங்கும் நேரத்தில், ஓடா கூமாவின் பழங்கதைக்குத் திரும்பினார். எனக்கு முதலில் சலிப்புத்தான்.

கூமா சிறுவயதில் அடிமை. வளர்ந்தபின் தேவாலயத்தில் முதியோரின் வலியை எடுத்துத் தன் உடம்பில் ஏற்றுக்கொண்டவர். வளர்ப்பு மகள் பானியின் நோய் தீரத் தன் சுயநினைவையே விலையாகக் கொடுத்தார். இதெல்லாம் அந்த மகள் அவருடைய நினைவுகளைத் தொடும்போதுதான் நமக்குத் தெரிகிறது.

நர்ஸாக எனக்கு இது புதிதல்ல. பேசாத நோயாளி ஒருவரை 'முரடர்' என்று குறிப்பில் எழுதியிருக்கிறேன். அவர் மகள் வந்து அப்பாவைப் பற்றிச் சொன்னபின் மாற்றி எழுதினேன். 21 ஆண்டுகள் கழித்து ஓடா நம்மையும் அப்படி மாற்றி எழுத வைத்தார்.