காச்சாங் ஆட்டை எடை போட்டவர்

தோட்டத்து வரலாறு என்றால் பால்மரம், லயம், பெரட்டு, சம்பளப் போராட்டம் என்று பேசுகிறோம். லயத்துக்குப் பின்னால் இருந்த ஆட்டுக் கொட்டகையைப் பேசுவதில்லை. செமோர் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. பிள்ளையின் பள்ளிச் செலவோ, மகளின் கல்யாணமோ, முனியாண்டிக்கு வேண்டுதலோ, எதுவானாலும் கைகொடுத்தது அந்த ஆடுதான்.

அந்த ஆட்டை அறிவியல் முறையில் ஆராய்ந்தவர்களில் முன்னோடி, நம் நாட்டின் டாக்டர் சி. தேவேந்திரா. நம் உள்நாட்டு இனம் 'கம்பிங் காச்சாங்'. வளர்ந்த பெட்டை 20, 25 கிலோதான் தேறும். ஆனால் இரட்டைக் குட்டி போடும், கிடைத்ததைத் தின்று பிழைக்கும். சீமை ஆங்கிலோ நூபியன் ஆட்டோடு இதைக் கலந்தால் என்ன கிடைக்கும் என்பதை 1962-இலேயே எழுதினார். 1967-இல் அதன் தீவனத்தை ஆராய்ந்தார். 1970-இல் மார்கா பர்ன்ஸ் அம்மையாருடன் சேர்ந்து, வெப்பமண்டல ஆடு வளர்ப்பைப் பற்றி அவர் எழுதிய நூல் 1983-இல் திருத்திய பதிப்பும் கண்டது. மார்டியிலும், பின்னர் அனைத்துலக ஆய்வு அமைப்புகளிலும் பணியாற்றினார். பதவிகளை விட்டுவிடுவோம். அவர் சொன்ன விஷயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆடு காட்டை அழிக்கும் பிராணி என்று அதிகாரிகள் பலர் நினைத்த காலத்தில், அது சிறு விவசாயியின் சொத்து என்றார். தனி மேய்ச்சல் நிலம் தேடவேண்டாம். மரத்தடிப் புல்லும் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கும் இருக்கின்றனவே என்றார். ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் பால்மரக் காட்டில் செம்மறியை மேயவிட்டுப் பார்த்தது. களை எடுக்கும் செலவு குறைந்தது. (வெள்ளாடு மரப்பட்டையைக் கடிக்கும் என்பதால் செம்மறி. பட்டையைக் கடித்த ஆட்டுக்காகக் கிராணியிடம் ஏச்சு வாங்கியவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம்!)

நம்மவர்கள் அனுபவத்தில் அறிந்ததை ஆய்வு உறுதி செய்தபோது, தோட்டங்களே கைமாறத் தொடங்கிவிட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. மலிவு விலை அடுக்குமாடிக்குப் போன குடும்பம் ஆட்டை எங்கே கட்டும்? வேலையும் வீடும் போனதைக் கணக்கில் எழுதினார்கள். அந்த இரண்டாவது வருமானம் போனதை யாரும் எழுதவில்லை.

2007-இல் ஆசிய ஆடுகளைப் பற்றிய தேவேந்திராவின் நூலை மலேசிய அறிவியல் கழகம் வெளியிட்டது. கலப்பில்லாத காச்சாங் இன்று அரிதாகிவிட்டது. தீபாவளிச் சந்தையில் நாம் வாங்கும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து உறைந்து வருவது.