ஹோப் காலேஜும் ஜி.டி. நாயுடுவின் கேள்வியும்

கோவை அவிநாசி ரோட்டில் பஸ்ஸில் போனவர்களுக்கு ஹோப் காலேஜ் ஸ்டாப் தெரியும். ஆனால் அந்தப் பெயரில் இப்போது அங்கே காலேஜ் கிடையாது. வெளியூர்ப் பையன்கள் இறங்கி, "காலேஜ் எங்கே சார்?" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில், ஜி.டி. நாயுடுவின் முயற்சியால் 1945-ல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி அது. பிறகு தடாகம் ரோட்டுக்குப் போய் ஜி.சி.டி. ஆகிவிட்டது. பெயர் மட்டும் பஸ் ஸ்டாப்பில் தங்கிவிட்டது.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட நாயுடுதான் அதற்கு பிரின்சிபால். நான்கு வருடப் படிப்பு வீண், இரண்டு வருடம் போதும் என்றார். அரசாங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, பதவியை விட்டு விலகினார். 1937-லேயே டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டார் செய்து காட்டியவர் அவர். பேச்சுக்குச் சொல்லவில்லை.

அதே ரோட்டில் பீளமேட்டில் வேறொரு வழி இருந்தது. பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நால்வர். சொத்தை ஐந்து பங்காக்கி, ஐந்தாவதைத் தர்மத்துக்கு வைத்தார்கள். 1926-ல் தொழிற்கூடம் ஆரம்பித்தார்கள். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. நம் பக்கத்துக் கிணறுகளின் ஆழம் உங்களுக்குத் தெரியும். மாடு கட்டிக் கவலை இறைத்த குடியானவர்களுக்குப் பம்பு செட் தேவைப்பட்டது. பட்டறைகள் பெருகின. 1951-ல் பி.எஸ்.ஜி. டெக் வந்தபோது, தொழிற்கூடமும் கல்லூரியும் ஒரே காம்பவுண்டுக்குள் இருந்தன. வகுப்பில் படித்த பம்பைப் பக்கத்துக் கட்டடத்தில் வார்ப்பதைப் பையன் பார்க்கலாம். படிப்பும் பட்டறை வேலையும் மாறி மாறி வரும் சாண்ட்விச் கோர்ஸும் அங்கே நடந்தது.

இதையெல்லாம் இப்போது அழகாக எழுதுகிறேன். ஆனால் நான் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய காலத்தில் இந்த அறிவு எனக்கு இல்லை.

1978 என்று நினைவு. கடைசி வருட மாணவன் ஒருவன் வந்தான். மில்லில் வேலை உறுதியாகிவிட்டது, ஆனால் ஆவாரம்பாளையத்தில் தகரக் கொட்டகை பிடித்து, பழைய லேத் ஒன்று வாங்கிப் போடப் போகிறேன் என்றான். "தம்பி, உங்க அப்பா தோட்டத்தை அடமானம் வெச்சுப் படிக்க வெச்சாரு. விளையாடாதே," என்று கண்டித்து அனுப்பினேன். அந்த லேத்தில் என்ன செய்யப் போகிறான் என்று கேட்கவே இல்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து எங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் ரிப்பேர். கடைக்காரர் புது பம்பு ஒன்றைக் காட்டினார். பெயர்ப் பலகையில் அவன் ஊர்ப் பெயர். விசாரித்தால் அவனேதான். போன் செய்தேன். "சார், நீங்க திட்டினதுல ராத்திரி தூங்கலைங்க. ஆனா இம்பெல்லர் வரையக் கத்துக் கொடுத்ததும் நீங்கதாங்க," என்றான்.

இரண்டு வருடமா, நான்கு வருடமா என்ற நாயுடுவின் கேள்விக்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை. வருடக் கணக்கைவிட, பட்டறை காம்பவுண்டுக்குள் இருக்கிறதா, "என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்க ஒரு வாத்தியார் இருக்கிறாரா என்பதே பெரிதாகப் படுகிறது. அவன் விஷயத்தில் முதலாவது இருந்தது. இரண்டாவதாக நான் இருந்திருக்கலாம்.

அந்த பம்பு இன்னும் ஓடுகிறது.