பனிக்காலத்து அடுக்களையும் நாட்டு வரலாறும்



வரலாறு என்றவுடன் அரண்மனையும் போர்க்களமுமே நம் நினைவில் எழுகின்றன. கல்வெட்டிலும் செப்பேட்டிலும் இடம்பெறாத எளிய மக்களின் வரலாற்றை அறிய வேண்டுமாயின், அவர்களுடைய அடுப்பையும் உரலையும் நாம் கேட்டல் வேண்டும். எங்கள் பரமத்தி வேலூர்ப் பகுதியில் பனிக்காலத்தில் ஆக்கப்பெறும் கொள்ளு ரசத்தையும் கம்பஞ்சோற்றையும் கொண்டு இதனை இன்று விளக்க விழைகின்றேன்.

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. நம் சமவெளியில் உறைபனி வீழ்வதில்லை. ஆயினும் மார்கழி விடியலில் காவிரிக் கரையில் நிற்பவருக்குக் குளிர் இன்னதென்று பிறர் சொல்ல வேண்டுவதில்லை.

எங்கள் வட்டத்தில் நிலம் இருவகைப்படும். ஜேடர்பாளையத்தில் காவிரியிலிருந்து பிரியும் இராஜா வாய்க்கால், அல்லாள இளைய நாயக்கர் வெட்டுவித்தது என்று மக்களால் போற்றப்படுவது. அது பாயும் இடமெல்லாம் நெல்லும் கரும்பும் வாழையும் வெற்றிலையும் செழிக்கும். வாய்க்கால் எட்டாத மேட்டு நிலமோ வானம் பார்த்த பூமி. அங்கே சோளமும் கம்பும் கொள்ளும் விளைந்தன. புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த கொள்ளு, மழை ஓய்ந்த பின்பும் பனியின் ஈரத்திலேயே காய்த்து முற்றும் என்பர் உழவர். தையில் அதனைச் செடியோடு பிடுங்கிக் களத்தில் உலர்த்தி அடிப்பர். இவ்வாறு பனியில் விளைந்த தவசமே பனிக்கு ஏற்ற உணவும் ஆயிற்று.

என் அன்னையார் கொள்ளை மண்சட்டியில் நெடுநேரம் வேகவைப்பார். வடித்த நீரில் புளி கரைத்து, மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டால் அது ரசம். வெந்த கொள்ளைச் சிறிய வெங்காயத்துடனும் மிளகாயுடனும் சேர்த்துக் கடைந்தால் அது கொள்ளுப் பருப்பு. கம்பினை நீர் தெளித்து உரலில் குற்றி, உமி போக்கி, இடித்து, கொதிக்கும் நீரில் இட்டுக் கிண்டினால் கம்பஞ்சோறு. ஆவி பறக்கும் அச்சோற்றுடன் இவ்விரண்டும் சேர்ந்தால் குளிருக்கு வேறு மருந்து வேண்டாம் என்பது வீட்டார் துணிபு.

இனி, இப்பொருள்களின் பிறப்பைப் பார்ப்போம். தென்னாட்டுப் புதிய கற்கால மக்கள் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பே கொள்ளைப் பயிரிட்டனர் என்பதற்கு, பெல்லாரியை அடுத்த சங்கனக்கல்லு போன்ற இடங்களில் கிடைத்த கரிந்த விதைகள் சான்று பகர்கின்றன. புறநானூற்றின் 335ஆம் பாட்டில், மாங்குடி கிழார் சிறப்பித்துக் கூறும் நான்கு உணவுப் பொருள்களுள் வரகு, தினை, அவரை ஆகியவற்றோடு கொள்ளும் ஒன்று. மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையின் செல்வம். அதனை வாங்க யவனர் பொன்னோடு முசிறிக்கு வந்தனர் என்று அகநானூறு அறிவிக்கின்றது. கம்போ ஆப்பிரிக்காவில் தோன்றி, பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே இந்நாட்டை அடைந்தது. மிளகாய் அமெரிக்காவுக்கு உரியது. 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டை அடைந்ததன் பின்னரே போர்ச்சுகீசியர் வழியாக அது இங்கு வந்தது. அதற்கு முன் நம் அடுக்களையில் காரம் தந்தது மிளகே. ஆக, மேட்டு நிலத்து ஏழை உழவனின் உண்கலத்தில் மூன்று கண்டங்களின் வரலாறு அடங்கியிருக்கக் காண்கின்றோம்.

இத்தகைய உணவுக்கு நேர்ந்த இழிவையும் சொல்லத்தான் வேண்டும். குதிரைக்கு இடுவதால் ஆங்கிலேயர் இதனைக் குதிரையின் பயறு என்றே பெயரிட்டனர். கொள்ளு என்றால் வாயைத் திறப்பதும் கடிவாளம் என்றால் வாயை மூடுவதும் நம்மவர் பழமொழி. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில், நண்பகலில் ஒரு மாணவன் சுவரைப் பார்த்தபடியே உண்பதைக் கண்டேன். அவன் கொண்டுவந்தது கம்பஞ்சோறும் கொள்ளுப் பருப்பும். அரிசிச் சோறு கொண்டுவந்த பிள்ளைகள் “குதிரைத் தீனி” என்று நகைத்தனராம். அன்று பிற்பகல் பாடநூலை மூடிவைத்து, மேற்சொன்ன செய்திகளையே அவ்வகுப்பில் கூறினேன். அவன் பெயரை நான் சொல்லவில்லை. மறுவாரம் இரண்டு பிள்ளைகள் தங்கள் வீட்டிலும் கம்பு சமைப்பதுண்டு என்று தாமாகவே கூறினர்.

இன்று நிலை மாறியுள்ளது. 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு என்று உணவியலார் கணித்துள்ளனர். 2023ஆம் ஆண்டினை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் கம்பு அழகிய உறைகளில் விலைபோகின்றது. மகிழ்ச்சிக்கு உரியதே. ஆனால், விலை ஏறியதனால் வந்த மதிப்பு விலை இறங்கினால் போய்விடும். இவ்வுணவை ஆக்கி உண்டு பஞ்சத்தையும் பனியையும் கடந்த மக்களை மதிக்கக் கற்பதே நிலைத்த மதிப்பு.

மாணவர்களே, உங்கள் பாட்டியாரிடம் சென்று, அவர் இளமையில் மார்கழி மாதத்தில் எத்தவசத்தை உண்டார், எந்நிலத்தில் அது விளைந்தது, எக்கலத்தில் சமைத்தார், எந்த ஆண்டளவில் அவ்வழக்கம் நின்றது என்று கேளுங்கள். கேட்டதை நாளிட்டு ஏட்டில் எழுதி வையுங்கள். அவரையன்றி அதனை உங்களுக்குச் சொல்லவல்ல நூல் ஒன்றும் இல்லை.