டீசல் கார் வாங்கலாமா? திருவான்மியூர்ல இருந்து ஒரு கணக்கு, கொஞ்சம் வரலாறு

"டாக்டர், வீடு திருவான்மியூர். வேலை மறைமலை நகர் பக்கம். தினமும் போக வர சுமார் 90 கிலோமீட்டர். டீசல் கார் எடுக்கலாமா?"

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருது மக்களே. கார் பத்தி மெக்கானிக்கிட்டதானே கேக்கணும்னு நினைப்பீங்க. சரிதான். ஆனா டீசல் புகை கடைசியா வந்து சேர்ற இடம் நுரையீரலும் இதயமும். அது எங்க டிபார்ட்மென்ட். அதனால இந்த நீண்ட இழை. மாத்திரை கவர் பின்னாடி போடுற கணக்கும் உண்டு, 130 வருஷ வரலாறும் உண்டு. பொறுமையா படிங்க.

"டீசல்னா மிச்சம்" அப்படிங்கறது நம்ம அப்பா, சித்தப்பா காலத்துல இருந்து வீட்டுக்கு வீடு புழங்குற நம்பிக்கை. அந்த நம்பிக்கை எங்க பிறந்துச்சு, எப்ப செத்துப்போச்சுன்னு தெரியாம ஷோரூமுக்குப் போனா, சேல்ஸ்மேன் சொல்றதுதான் வேதம்.

டீசல் என்பது ஒரு மனுஷனோட பேர். ருடால்ஃப் டீசல், ஜெர்மன் இன்ஜினீயர். 1897-ல ஆக்ஸ்பர்க் நகரத்துல அவர் ஓட்டிக் காட்டின இன்ஜின், எரிபொருள்ல இருக்கிற சக்தியில 26 சதவீதத்தை வேலையா மாத்துச்சு. அப்போதைய நீராவி இன்ஜின்கள் 10 சதவீதத்துக்கே திணறிட்டு இருந்துச்சு. தந்திரம் என்னன்னா, தீப்பொறி கிடையாது. காத்தை மட்டும் உள்ள இழுத்து, பயங்கரமா அழுத்திச் சூடாக்கி, அதுல எண்ணெயைப் பீய்ச்சினா தானே பத்திக்கும். இந்த அதிக அழுத்தம்தான் டீசலோட மைலேஜுக்கும் காரணம், அந்த 'டக டக' சத்தத்துக்கும் காரணம், புகைக்கும் காரணம். பீய்ச்சின எண்ணெய் காத்தோட முழுசா கலக்கிறதுக்குள்ள எரிய ஆரம்பிச்சிடும். சரியா எரியாத கார்பன்தான் கரித்துகள். அவ்வளவு அழுத்தத்துலயும் சூட்டுலயும் காத்துல இருக்கிற நைட்ரஜனே ஆக்சிஜனோட சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடா மாறிடும். இந்த ரெண்டு வில்லனையும் ஞாபகம் வச்சுக்கோங்க.

1913 செப்டம்பர்ல இங்கிலாந்துக்குப் போற கப்பல்ல ஏறின டீசல் கரை சேரவே இல்ல. கடல்லதான் உடல் கிடைச்சுது. விழுந்தாரா, குதிச்சாரா, தள்ளினாங்களா? இன்னைக்கு வரைக்கும் பேசுறாங்க. நாம காருக்கு வருவோம்.

1936-ல மெர்சிடிஸ் 260 டி வந்துச்சு. ஆனா இந்தியாவுல டீசல் ரொம்ப காலத்துக்கு லாரி, பஸ், டிராக்டர் சமாச்சாரம். நம்ம சென்னைக்கு அதுல பெரிய பங்கு உண்டு. எண்ணூர்ல அசோக் லேலண்ட், செம்பியத்துல பெர்கின்ஸ் இன்ஜின் செஞ்ச சிம்சன். கார்ல டீசல்னு வந்தது 1980 வாக்குல அம்பாசடர்லதான். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் பெட்ரோல் அம்பாசடரை மெக்கானிக்கிட்ட விட்டு, வேற வண்டியோட டீசல் இன்ஜினைத் தூக்கி வச்ச டாக்ஸிகள் எத்தனையோ. ஏன் இவ்வளவு மெனக்கெடல்? விலை. விவசாயியும் லாரியும் பஸ்ஸும் நம்பி இருக்கிற எரிபொருள்னு அரசாங்கம் டீசல் விலையைப் பிடிச்சு வச்சிருந்துச்சு. அந்த மானியத்துல டாக்ஸிக்காரரும் நிழல் ஒதுங்கினார். அதுல தப்பு சொல்ல எதுவும் இல்ல.

தப்பு அப்புறம் வந்துச்சு. 1998 கடைசியில டாடா இண்டிகா. 2000-ல டைடல் பார்க் திறந்தாங்க, அதே வருஷம் டொயோட்டா குவாலிஸ் வந்துச்சு. ஓ.எம்.ஆர்ல ராத்திரி ஷிஃப்ட்டுக்கு ஆள் ஏத்திட்டுப் போன டீசல் வண்டிகளைப் பழைய திருவான்மியூர்வாசிகள் மறந்திருக்க மாட்டீங்க. 2007-ல மாருதி ஸ்விஃப்ட், ஃபியட்டோட 1.3 லிட்டர் டீசல் இன்ஜினோட வந்துச்சு. பின்னாடி அத்தனை கம்பெனி கார்லயும் அந்த ஒரே இன்ஜின் உட்கார்ந்ததால 'தேசிய இன்ஜின்'னே கிண்டலா பேர் வச்சாங்க.

உச்சம் 2012. அந்த மே மாசம் டெல்லியில பெட்ரோல் 73 ரூபாய் 18 காசு, டீசல் 40 ரூபாய் 91 காசு. லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! விக்கிற கார்ல பாதிக்கும் மேல டீசல் ஆச்சு. 2010-லயே கிரித் பாரிக் கமிட்டி, டீசல் கார் ஒவ்வொண்ணுக்கும் 80,000 ரூபாய் கூடுதல் வரி போடச் சொல்லுச்சு. யாரும் கேக்கல.

இதுல எனக்கு இன்னைக்கும் ஆறாத ஒரு விஷயம் சொல்றேன். 2013 ஜனவரியில மொத்தமா டீசல் வாங்குறவங்களுக்கு மானியம் இல்லன்னு மத்திய அரசு சொல்லிடுச்சு. மொத்தமா வாங்குறவங்க யாரு? ரயில்வே, அரசுப் பேருந்துக் கழகங்கள். 50 பேரை ஏத்திட்டுப் போற பஸ்ஸுக்கு டீசல் முழு விலை. ஒரே ஒரு ஆள் ஏசி போட்டுட்டுப் போற சொகுசுக் காருக்கு மானிய விலை. விளைவு? நம்ம ஊரு அரசு பஸ்ஸுங்க டிப்போ பம்பை விட்டுட்டு, ரோட்டோர பங்க்ல காருக்குப் பின்னாடி வரிசையில நின்னுச்சு.

அதே 2013-ல இருந்து மாசத்துக்கு சுமார் 50 காசு ஏத்தி ஏத்தி, 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாட்டையே எடுத்துட்டாங்க. மானியக் கதை அங்க முடிஞ்சுது. 2020 ஜூன்ல டெல்லியில டீசல் 79 ரூபாய் 88 காசு, பெட்ரோல் 79 ரூபாய் 76 காசு. டீசல் பெட்ரோலைத் தாண்டின நாள் அது. தமிழ்நாட்டுல 2021 ஆகஸ்ட்ல டூவீலர்காரங்களை மனசுல வச்சு பெட்ரோலுக்கு மட்டும் 3 ரூபாய் வரி குறைச்சாங்க. நல்ல முடிவுதான். ஆனா டீசலுக்கும் பெட்ரோலுக்கும் இடைவெளி இன்னும் சுருங்கிடுச்சு.

இப்ப கணக்கு. 2024 மார்ச் விலைக் குறைப்புக்கு அப்புறம் சென்னையில பெட்ரோல் 100 ரூபாய் 75 காசு, டீசல் 92 ரூபாய் 34 காசு. இதை வச்சே போடுவோம், உங்க பங்க் விலையை நீங்க மாத்திப் போட்டுக்கோங்க. ஒரே கார், பெட்ரோல்ல 14, டீசல்ல 18 கிலோமீட்டர் கொடுக்குதுன்னு வைங்க. விளம்பர மைலேஜ் இல்ல, நிஜ மைலேஜ். பெட்ரோலுக்கு கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 20 காசு, டீசலுக்கு 5 ரூபாய் 13 காசு. மிச்சம் 2 ரூபாய் சொச்சம்.

டீசல் மாடலுக்கு நீங்க 1,40,000 ரூபாய் கூடக் கொடுக்கறீங்கன்னு வைங்க. தினம் 90 கிலோமீட்டர், மாசம் 24 நாள் ஓட்டினா மாசம் 4,460 ரூபாய் மிச்சம். 31, 32 மாசத்துல போட்ட காசு வந்துடும். அதுவே தினம் 30 கிலோமீட்டர்னா? மாசம் 1,490 ரூபாய். போட்டதை எடுக்க கிட்டத்தட்ட எட்டு வருஷம். அதுக்குள்ள குழந்தை எல்.கே.ஜி-ல இருந்து ஏழாவது போயிடும்.

இதுல ஒரு பொறி இருக்கு, நிறைய பேர் கவனிக்கறதில்ல. 2023 நவம்பர்ல மாத்தின தமிழ்நாடு ஆயுள்கால சாலை வரிப்படி 5 லட்சத்துல இருந்து 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினா 18. பெட்ரோல் கார் 9,60,000-ம், அதோட டீசல் 10,90,000-மும் இருந்தா வரி மட்டும் 1,24,800-ல இருந்து 1,96,200-க்குப் போகும். அதாவது 'டீசல் எக்ஸ்ட்ரா' 1,30,000 இல்ல, ரெண்டு லட்சம். ஷோரூம்ல ஆன்ரோடு விலையை ரெண்டுக்கும் எழுதி வாங்கிட்டு அப்புறம் கணக்குப் போடுங்க.

சரி, இப்ப எங்க டிபார்ட்மென்ட்.

2007-ல எடின்பரோவும் ஸ்வீடன்ல இருக்கிற ஊமியோவும் சேர்ந்து ஒரு ஆய்வு பண்ணாங்க. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, இப்ப நல்லா இருக்கிற 20 ஆண்கள். ஒரு மணி நேரம் நல்ல காத்து, இன்னொரு நாள் ஒரு மணி நேரம் நீர்த்த டீசல் புகை. ரெண்டு நாளும் நடுநடுவுல சைக்கிள் மிதிக்க வச்சு ஈசிஜி பார்த்தாங்க. புகை நாள்ல இதயத்துக்கு ரத்தம் பத்தாததோட அடையாளம் கூடுதலா தெரிஞ்சுது. ரத்த உறைவைக் கரைக்கிற உடம்போட இயற்கைத் திறனும் குறைஞ்சுது. அந்த அளவு புகை ஆய்வுக்கூடத்துல மட்டும் கிடைக்கிறது இல்ல, நெரிசலான ரோட்டுல கிடைக்கிறதுதான்.

2012 மார்ச்ல அமெரிக்கச் சுரங்கத் தொழிலாளர்கள் 12,315 பேர் பத்தின ஆய்வு வந்துச்சு. டீசல் புகையை அதிகம் சுவாசிச்சவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் சாவு அதிகம். அந்த ஜூன் மாசமே உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு டீசல் புகையை முதல் பிரிவுக்கு மாத்துச்சு. அதாவது 'இருக்கலாம்' இல்ல, 'உறுதி'. பீடி, சிகரெட், ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிற அதே பிரிவு. (ஒரே பிரிவுன்னா ஒரே அளவு ஆபத்துன்னு அர்த்தம் இல்ல. ஆதாரம் எவ்வளவு உறுதிங்கறதுதான் பிரிவு. வாட்ஸ்அப்ல இதைத் தப்பா பரப்பாதீங்க.)

கவனிச்சீங்களா? நம்ம நாட்டுல டீசல் கார் விற்பனை உச்சத்துல இருந்த அதே வருஷம் அது.

2015 செப்டம்பர்ல ஃபோக்ஸ்வாகன் மாட்டுச்சு. சோதனை நடக்கறப்ப மட்டும் நல்ல பிள்ளையா நடிக்கிற சாஃப்ட்வேர். ரோட்டுல போறப்ப நைட்ரஜன் ஆக்சைடு அமெரிக்க வரம்பைவிட 40 மடங்கு வரைக்கும். உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் கார். பரீட்சை அன்னைக்கு மட்டும் சர்க்கரையைக் குறைச்சுட்டு வர்ற நோயாளிகளை எங்களுக்கு நல்லாவே தெரியும், ஆனா இந்த அளவு இல்ல.

இதுக்கு நல்ல பக்கமும் இருக்கு, சொல்லாம விட்டா நியாயம் இல்ல. 1996-ல நம்ம டீசல்ல கந்தகம் பத்து லட்சத்துல 5,000 பங்கு. 2020 ஏப்ரல்ல வந்த பிஎஸ்-6 டீசல்ல வெறும் 10. பிஎஸ்-4 டீசல் காரைவிட பிஎஸ்-6 டீசல் காருக்குத் துகள் வரம்பு 82 சதவீதம் குறைவு, நைட்ரஜன் ஆக்சைடு 68 சதவீதம் குறைவு. புது டீசல் காரும் கரும்புகை கக்குற பழைய வேனும் ஒண்ணு இல்ல. இந்தச் செலவு கட்டுப்படி ஆகாதுன்னுதான் மாருதி 2020-ல டீசலையே விட்டுச்சு. இன்னைக்கு விக்கிற கார்ல டீசல் ஐந்துல ஒண்ணு கூட இல்ல.

துகளைப் பிடிக்கிறது டிபிஎஃப்ங்கற ஃபில்டர். பீங்கான்ல தேன்கூடு மாதிரி செஞ்சு சைலன்சர் பாதையில வச்சிருப்பாங்க. கரி அதுல சேரும். சேர்ந்ததை அப்பப்ப சுமார் 600 டிகிரி சூட்டுல எரிச்சுச் சாம்பலாக்கணும். அதுக்கு வண்டி நிக்காம, ஒரே சீரான வேகத்துல ஒரு கால் மணி, இருபது நிமிஷம் ஓடணும். பாதியில ஆஃப் பண்ணா பாதி யூரின் போறவரை எழுப்பிக் கூட்டிட்டு வந்த மாதிரி. அடிக்கடி இப்படி நடந்தா ஃபில்டர் அடைக்கும். எரிக்கிறதுக்காகக் கூடுதலா பீய்ச்சின டீசல் இன்ஜின் ஆயில்ல கலந்து ஆயில் மட்டம் ஏறும். ஃபில்டர் மாத்தணும்னா பெரிய செலவு, அஞ்சு வருஷ மிச்சத்தை ஒரே பில்லுல சாப்பிட்டுடும்.

ஆகவே கேள்வி 'எத்தனை கிலோமீட்டர்' மட்டும் இல்ல, 'எப்படிப்பட்ட கிலோமீட்டர்'. திருவான்மியூர்ல கிளம்பி ஈ.சி.ஆர்ல மாமல்லபுரம் தாண்டிப் போறவர், வாரா வாரம் புதுச்சேரி போறவர், கேளம்பாக்கம் வழியா மறைமலை நகர் போய் பாதி தூரமாவது 60-க்கு மேல ஓட்டுறவர், இவங்களுக்கு டீசல் பொருந்தும். மெட்ரோ வேலை நடக்கிற ஓ.எம்.ஆர்ல சோழிங்கநல்லூர் வரைக்கும் ஊர்ந்துட்டுப் போய் வர்ற ஐ.டி. ஊழியருக்குப் பொருந்தாது. மாசம் 1,500 ரூபாய்க்காக அந்த ஃபில்டர் தலைவலி வேண்டாம். பெட்ரோலோ, ஹைப்ரிட்டோ, வீட்டுல சார்ஜ் பண்ண வசதி இருந்தா எலெக்ட்ரிக்கோ பாருங்க.

ஏற்கெனவே டீசல் வச்சிருக்கீங்களா? ஃபில்டர் விளக்கு எரிஞ்சா பயப்படாம ஞாயித்துக்கிழமை காலையில ஈ.சி.ஆர்ல ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாங்க. அப்பவும் அணையலன்னா சர்வீஸ் சென்டர். "ஃபில்டரையே கழட்டிடலாம் சார், மைலேஜ் ஏறும்"னு ஒரு பட்டறைக்காரர் சொல்வார். கழட்டினா நீங்க ஓட்டுறது பிஎஸ்-6 விலையில பழைய புகைவண்டி. அந்தப் புகையில நாள் பூரா நிக்கிறது நீங்க இல்ல. சிக்னல்ல நிக்கிற டிராஃபிக் போலீஸ், திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிற அம்மா, மருந்தீஸ்வரர் கோயில் வாசல்ல உக்காந்திருக்கிற பெரியவர்.

கடைசியா, செகண்ட் ஹேண்ட் டீசல் தேடுறவங்களுக்கு. டெல்லி வட்டாரத்துல 10 வருஷம் தாண்டின டீசல் வண்டி ஓடக்கூடாதுன்னு 2015-ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லி, 2018-ல உச்ச நீதிமன்றமும் அதை ஏத்துக்கிச்சு. அதனால அங்க இருந்து நல்ல நல்ல கார் மலிவா மத்த மாநிலங்களுக்கு வருது. விலையைப் பார்த்து மயங்காதீங்க. தடையில்லாச் சான்று இருக்கான்னு பாருங்க, இங்க மறுபடி கட்ட வேண்டிய வரியைக் கேட்டுக்கோங்க, பிஎஸ் எத்தனைன்னு ஆர்.சி-ல பாருங்க. பிஎஸ்-4 ஆரம்ப கால வண்டியா இருந்தா அதுல அந்த ஃபில்டரே இருக்காது.