வேம்பும் வழக்கும்

பெரியகுளத்து மாந்தோப்புகளிலே பூக்கும் பருவம் வந்தால் தத்துப்பூச்சியும் வந்துவிடுகிறது. பூங்கொத்தின் சாற்றை உறிஞ்சிக் கருக்குகிறது. நஞ்சுத் தெளிப்பானைத் தோளில் மாட்டுகிறான் உழவன். வரப்போரத்து வேம்பை ஏறெடுத்துப் பார்ப்போர் சிலர். அவருள்ளும் பலர் மஞ்சள் துணி சுற்றிக் கும்பிட்டு நகர்வோர்!

கும்பிட்ட கை அறியாததை வெட்டுக்கிளி அறிந்திருந்தது. 1959இல் சூடான் நாட்டைச் சூறையாடிய வெட்டுக்கிளிப் படை, பச்சையெல்லாம் தின்று தீர்த்தும் வேம்பைத் தீண்டவில்லை. செருமானிய அறிஞர் ஷ்முட்டரர் அதைக் கண்டார். ஏன் என்று கேட்டார். தில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துப் பிரதான், வேப்பங்கொட்டைக் கரைசல் பயிரை வெட்டுக்கிளியிடமிருந்து காக்கும் என்று 1962இல் காட்டினார். 1968இல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த்தும் மார்கனும் அவ்விதையினின்று அசாடிராக்டின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். அது பூச்சிக்கு உணவில் வெறுப்பூட்டும். மீறித் தின்ற புழுவைத் தோலுரித்து வளரவிடாது. ஆத்தாளின் அருளன்று, விதையின் வேதியியல்!

வணிகர் சும்மா இருப்பரோ? வேப்பெண்ணெய் கொண்டு பயிர்க் காளானை அடக்கும் முறைக்கு, அமெரிக்க வேளாண்மைத் துறையும் டபிள்யூ. ஆர். கிரேஸ் நிறுவனமும் 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை பெற்றன. நம் வீட்டு முற்றத்து மரத்தின் பயனுக்கு அயலான் உரிமைச் சீட்டு! வந்தனா சிவா முதலானோர் எதிர்த்து வழக்காடினர். 2000 மே 10ஆம் நாள் மியூனிச் நகரிலே அவ்வுரிமை நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005 மார்ச்சில் தள்ளுபடியாயிற்று.

இங்கே இளைஞர் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. 2000இல் வென்றது, பாட்டன் பெருமை பேசிய பழங்கதையன்று. மேற்கிந்தியத் தோட்டங்களில் 1985, 1986ஆம் ஆண்டுகளில் ஒருவர் தெளித்துப் பார்த்த சோதனைச் சான்றே அந்த உரிமையை வீழ்த்தியது. அச்சோதனை நடவாதிருந்தால்? நாம் கேட்கிறோம்: நம் ஊர் வழக்கங்களில் எத்தனை இன்னும் எழுதப்படாமல், சோதிக்கப்படாமல் கிடக்கின்றன?

வேம்பிலும் குறையுண்டு. உடனே கொல்லாது; வெயிலில் சில நாளில் சிதையும்; மீண்டும் தெளிக்கவேண்டும். முறை எளிது: நிழலில் உலர்த்திய கொட்டைப் பருப்பு 5 கிலோவை இடித்து, இரவு முழுதும் 10 லிட்டர் நீரில் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி, நீர் சேர்த்து 100 லிட்டராக்கி, சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிப்பது. கோடையின் முடிவிலே சாலையோரம் உதிர்ந்து மிதிபடும் வேப்பம்பழத்தைப் பொறுக்க ஆகும் கூலிதான் பெருஞ்செலவு.