துறக்க விழைந்த வேந்தன்: சாந்தி பருவத்து விவாதம் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

குருச்சேத்திரப் போரில் வென்றவனே அரசை வேண்டாமென மறுப்பதுடன் மகாபாரதத்தின் 12ஆம் பருவமாகிய சாந்தி பருவம் தொடங்குகின்றது. களத்தில் மாண்ட கர்ணன் தன் தமையன் என்பதைப் போரின் பின்னரே அறிந்த தருமன், உறவினரைக் கொன்று பெற்ற மண்ணை அருச்சுனனிடம் ஒப்புவித்துவிட்டுக் காடேக விழைகின்றான்.

அவனை மறுத்துரைப்போர் பகைவரல்லர், உடன்பிறந்தோரும் மனைவியுமேயாவர். பொருளின்றி அறமில்லை என்பது அருச்சுனன் வாதம். துறவினால் மட்டும் பேறு கிட்டுமாயின் மலைகளும் மரங்களுமன்றோ அதனை முதலில் எய்தும் என வீமன் எள்ளுகின்றான். தண்டம் ஏந்தாத வேந்தன் விளங்கான் எனத் திரௌபதி இடித்துரைக்கின்றாள்.

இதனை ஒரு குடும்பத்தின் பூசலாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. புத்தர் காலந்தொட்டுக் கங்கைச் சமவெளியில் பௌத்தமும் சமணமும் ஆசீவகமும் இல்லறத்தாரைத் துறவுக்கு அழைத்தன. பழைய தரும சூத்திரங்களில் ஒருவன் தெரிந்துகொள்ளத்தக்க வெவ்வேறு வாழ்க்கை நெறிகளாயிருந்த ஆச்சிரமங்கள், மனுநூலில் ஒன்றன்பின் ஒன்றாய் அமையும் படிநிலைகளாயின. துறவு மறுக்கப்படவில்லை, முதுமைக்கு ஒத்திவைக்கப்பட்டது. உழைப்போரும் வரி பெறுவோரும் ஒருங்கே வீடு துறப்பின் சமூக அமைப்பு நிலைக்காது என்ற அச்சமே இம்மாற்றத்தின் அடியில் உளது எனலாம்.

ஈண்டு அசோகனை நினைத்தல் தகும். கலிங்கப் போரில் 1,00,000 பேர் கொல்லப்பட்டனர், 1,50,000 பேர் நாடுகடத்தப்பட்டனர் என 13ஆம் பாறைச் சாசனத்தில் அவனே கூறி வருந்துகின்றான். எனினும் அரியணை துறந்தானல்லன். தருமனின் பாத்திரப் படைப்பில் அசோகனின் நிழலைக் காணும் ஆய்வாளரும் உளர். பல நூற்றாண்டுகளாக வளர்ந்த இதிகாசத்தில் நேர்த்தொடர்பை நிறுவுதல் எளிதன்று. ஆயினும், குருதி சிந்திப் பெற்ற அரசை அறவழியில் ஆளல் கூடுமோ என்ற வினா இருவர்க்கும் பொதுவானது.

விவாதத்தில் வென்றது கடமையே. தருமன் முடிசூடுகின்றான், அம்புப் படுக்கையிற் கிடந்த வீட்டுமர் அவனுக்கு அரசநீதி உரைக்கின்றார். ஆயினும் காவியம் அவன் வினாவை அடக்கிவிடவில்லை. போர் முடிந்து 36 ஆண்டுகள் கழிந்தபின் அவன் அனைத்தையும் துறந்து வடதிசை நோக்கி நடக்கின்றான்.

எனவே, சாந்தி பருவத்தைக் கடமையின் புகழாரமாக மட்டும் படிப்போர் அதன் பாதியையே படித்தவராவர். ஆள்வது வேந்தன் கடன் என்பது தருமனுக்குக் கிடைத்த விடை. மாண்டோரை மறந்து ஆளலாகாது என்பது அவன் வினா விட்டுச் சென்ற பாடம். வென்றவன் வருந்தாத நாட்டில் அறம் எங்ஙனம் நிலைக்கும்?