பிரஜை முதல் குடிமகன் வரை: கடலூர், சிதம்பரம் வட்டாரம் கற்ற சில சொற்கள்

1690ஆம் ஆண்டில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராத்தியரிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கிற்று. கோட்டையோடு அதனைச் சூழ்ந்த நிலமும் சேரும் என்பது பேச்சு. நிலத்தை அளக்க எவரும் கோல் எடுக்கவில்லை. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டார்கள்; குண்டு சென்று விழுந்த எல்லைக்குட்பட்ட ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு உரியவை ஆயின. கடலூர்ப் பட்டினமும் அவ்வெல்லைக்குள் அகப்பட்டது. அவ்வூர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்ற பெயரும் ஏற்பட்டது. மராத்தியர் குடிகளாய் இருந்தவர்கள் அவ்விதம் கம்பெனியின் குடிகளானார்கள். அவர்களுடைய இசைவை எவரும் கேட்டிலர்.

இசைவு கேட்கும் வழக்கமே தமிழகம் அறியாததன்று. முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. ஆயின் அந்த ஓலையில் பெயர் எழுதப்பெறுவதற்கு நிலமும் சொந்த மனையும் மறைக்கல்வியும் வேண்டும். அதனை இன்றைய தேர்தலின் தாய் எனக் கொண்டாடுவோர் இவ்விதிகளை விரைந்து கடந்து போய்விடுவது வழக்கம்.

ஆங்கிலச் சொற்கள் இவ்வட்டாரத்துக்கு உரிமையின் பெயரால் வந்தவை அல்ல. பெரும்பாலும் வரியின் பெயரால் வந்தவை. 1866இல் கடலூரும் 1873இல் சிதம்பரமும் நகரசபை ஆயின. முனிசிபாலிட்டி, சேர்மன், கவுன்சிலர் என்னும் சொற்கள் தெருவுக்கு இறங்கின. ஜில்லா, தாசில்தார், வசூல் ஆகியவை அவற்றுக்கு முன்பே வந்து வேரூன்றி, அயற்சொல் என்ற நினைவே இல்லாமற் புழங்கின. மக்கள் இச்சொற்களின் பொருளை அகராதியில் தேடவில்லை. கச்சேரி வாயிலில் காத்து நின்று கற்றார்கள்.

எழுதுவோர்க்கு வந்த இடர்ப்பாடு வேறு. கடலூருக்கு வடக்கே சில காத தூரத்தில், பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையில் அடைக்கலம் புகுந்திருந்த பாரதியார், ஆங்கிலத்தில் ‘மெம்பர்’ என்பதற்கு நேரான தமிழ்ச்சொல் தேடித் தவித்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். அவயவி, சபிகன், உறுப்பாளி எனப் பலவற்றையும் எண்ணிப் பார்த்து, எதுவும் மனத்துக்கு ஒத்துவராமல், ‘மெம்பர்’ என்றே எழுதி முடித்தார். சொல்லுக்குப் பஞ்சமில்லாத கவிஞரின் நிலை இது. அவர் தயக்கம் பொருளுடையது. உறுப்பு உடலுக்கு உரியது. சபையில் ஒருவன் தன் உரிமையால் அமர்வது வேறு செய்தி. அவரே 1918 நவம்பர் 20ஆம் நாள் எல்லை கடந்து ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிக்குள் வந்தபோது பிடிக்கப்பட்டுக் கடலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். டிசம்பர் 14ஆம் நாள்தான் வெளிவந்தார். ஓர் எல்லைக்கோட்டின் இப்புறத்திலும் அப்புறத்திலும் ஒருவன் யார் என்ற வினாவை அவர் ஏட்டில் மட்டும் கற்றவரல்லர்.

‘சிட்டிசன்’ என்ற சொல்லுக்கு வருவோம். முதலில் அதற்கு எளிதாகக் கிடைத்தது ‘பிரஜை’. வடமொழியில் அச்சொல் மகவையும் குறிக்கும், அரசனுக்கு அடங்கியவரையும் குறிக்கும். தந்தையாகிய அரசனுக்குப் பிள்ளைகளாகிய குடிகள் என்னும் உறவு அதனுள் உறைந்து கிடக்கிறது. அதனைத் தள்ளித் தமிழாக எடுத்த ‘குடிமகன்’ தூய்மையான சொல்தான். ஆனால் அதற்கும் ஒரு பழங்கணக்கு உண்டு. ஊர்வழக்கில் குடிமகன் என்றால் நாவிதர். பதினெண் குடிமக்கள் என்றால் வண்ணார், குயவர், தச்சர், கொல்லர் முதலாக ஊருக்குத் தொழில் செய்து களத்தில் நெல் பெற்றுச் சென்றவர்கள். ஏவல் செய்தவரின் பெயரே நாட்டுக்கு உரியவரின் பெயராக உயர்ந்தது. தமிழ்ச் சொல் வரலாற்றில் இதனினும் பெரிய ஏற்றம் எளிதில் காண்பதற்கில்லை. இதனைத் திட்டமிட்டுச் செய்தார் ஒருவரும் இல்லை என்பதே இதன் அழகு.

‘குடியரசு’ வந்த வழியில் கடலூருக்கு நேரான பங்குண்டு. நாட்டில் குடியரசு தோன்றுவதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே, 1925 மே 2ஆம் நாள், ஈரோட்டில் பெரியாரின் ‘குடி அரசு’ இதழ் தொடங்கியது. தொடங்கிவைத்தவர் திருப்பாதிரிப்புலியூர் ஞானியார் சுவாமிகள். சைவ மடத்தின் தலைவர் ஒருவர், பின்னாளில் மடங்களையே வினவப்போகும் ஓர் இதழைத் திறந்துவைத்தார். தமிழ் அவ்விருவரையும் ஒரு மேடையில் நிறுத்திய காலம் அது.

சிதம்பரத்தில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறான காட்சி. 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு 1935இல் துணைவேந்தராக வந்தார் சீனிவாச சாஸ்திரியார். ஆங்கிலேயரே வியந்த ஆங்கிலப் பேச்சாளர். 1926இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இந்தியக் குடிமகனின் உரிமைகளும் கடமைகளும் பற்றி அவர் ஆற்றிய கமலா சொற்பொழிவுகள் இத்துறையில் குறிப்பிடத்தக்கவை. அவை ஆங்கிலம் கற்றோர்க்கே எட்டின. 1940இல் சென்னை அரசு கலைச்சொற்களை ஆராய அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர். வடசொற்களும் ஆங்கிலச் சொற்களுமே மிகும் என்று தமிழறிஞர் அக்குழுவை எதிர்த்துக் கிளர்ந்தனர். அக்கிளர்ச்சியைத் தூய்மைவாதம் என்று ஒதுக்குவது நேரிதன்று. உரிமையைக் குறிக்கும் சொல் விளங்காதவனுக்கு உரிமை இருந்தும் இல்லாததே என்பது அவர்தம் வாதத்தின் உயிர்.

இனி ‘பொது’. தில்லைச் சபைக்கே பொது என்றொரு பெயர் உண்டு. மன்று, அம்பலம் என்பனவும் அதற்குரியவை. பொதுமக்கள், பொதுநலம், சட்டமன்றம், நீதிமன்றம், ஊராட்சி மன்றம் என்று இன்று வழங்கும் சொற்களிலெல்லாம் அதே பொதுவும் மன்றும் நிற்கின்றன. ஆங்கிலக் கருத்துகளுக்கு உடல் தந்த சொற்கள் இவை. அப்பொதுவின் வாயிலில்தான் நந்தனாரும் நின்றார். அருகிலுள்ள மருதூரில் 1823இல் பிறந்த வள்ளலார் இம்முரண்பாட்டைப் பிறர் எவரினும் கூர்மையாக உணர்ந்தார். 1865இல் சன்மார்க்க சங்கமும் 1867இல் வடலூர்த் தருமச்சாலையும் கண்டு, சமரசம், ஒருமைப்பாடு என்னும் சொற்களுக்குப் புதுப்பொருள் ஊட்டினார். அடுப்பும் பந்தியும் வைத்துக் கற்பித்த பொருள் அது.

சொல்லைச் செயலாக்கியவருள் சுவாமி சகஜானந்தரைத் தனியே நினைத்தல் வேண்டும். ஆரணிப் பகுதியிலிருந்து சிதம்பரம் வந்த அவர், 1916இல் நந்தனார் கல்விக் கழகம் நிறுவி ஒடுக்கப்பட்ட வகுப்புப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். பின்னர்ச் சட்டமன்றத்திலும் அமர்ந்தார். நந்தனார் பெயரில் பள்ளி என்பதே ஒரு விளக்கவுரை: வாயிலில் நின்றவரின் பெயரால் வாயில் திறக்கப்பட்டது. 1947ஆம் ஆண்டு ஆலயப் பிரவேசச் சட்டம் வருவதற்கு 31 ஆண்டுகள் முன்பே நடந்தது இது.

1948இல் இலங்கையில் இதே சொல் வேறு முகம் காட்டிற்று. அவ்வாண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தமிழருள் பெரும்பாலோரை எந்நாட்டுக்கும் உரியரல்லாதவர் ஆக்கியது. பிரஜாவுரிமை என்ற சொல்லை அவர்கள் கற்றது அதனை இழந்த நாளில்.

இங்கு 1952ஆம் ஆண்டுத் தேர்தலில்தான் சொத்தும் படிப்பும் இல்லாதவரும் முதன்முறையாக வாக்களித்தனர். ‘ஓட்டு’ என்று மக்கள் தமிழாக்கிக்கொண்ட ஆங்கிலச் சொல்லுக்கு ஏடுகள் ‘வாக்கு’ என்றன. புலவர்க்கு வாக்கு, தெய்வத்துக்கு அருள்வாக்கு, இனி உழவனுக்கும் வாக்கு. கவிஞர்கள் இன்னும் போதிய அளவு எடுத்தாளாத பொருத்தம். அத்தேர்தலில் கடலூர் இராமசாமிப் படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், மாணிக்கவேல் நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் வென்றன. காமன்வீல் என்றால் பொதுநலம். அப்பெயரை ஆங்கிலத்திலேயே விட்டுவைத்த காரணம் தெளிவில்லை. பொருள் கேட்டு எவரும் ஓட்டுப் போட்டிருக்கமாட்டார் என்பது மட்டும் தெளிவு.

பாரதியார் தயங்கி ஏற்ற ‘மெம்பர்’ ஏட்டில் தோற்று ‘உறுப்பினர்’ ஆயிற்று. ஊரிலோ ‘வார்டு மெம்பர்’ என்றே இன்றும் வாழ்கிறது. 1994ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் அம்மன்றங்களில் இடம் ஒதுக்கியபின், ‘தலைவர்’ என்னும் சொல் அதுவரை சென்றறியாத தெருக்களுக்குச் சென்றது. 2020 அக்டோபரில், சிதம்பரத்துக்கு அண்மையில் புவனகிரிப் பக்கத்து ஊராட்சி ஒன்றில், மன்றக் கூட்டத்தின் படம் ஒன்று வெளியாயிற்று. உறுப்பினர்கள் நாற்காலிகளில் அமர்ந்திருந்தனர். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் அமர்த்தப்பட்டிருந்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. ஊராட்சிச் செயலர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்.